மாலை போட்ட படம்

ஓய்வு பெற்று ஒன்றரை வருஷம் ஆகிறது. இன்னமும் பழைய ஸ்டேஷன் பக்கம் எட்டிப் பார்த்தால், புதிதாக வந்த எஸ்.ஐ.கள் நீங்கள் எனக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்துவிட்டு ஒரே கேஸைத்தான் கேட்கிறீர்கள். குகட்பள்ளிப் பெரியவர் காணாமல் போன கேஸ். அது சுத்தமாக முடிந்த கேஸ் என்று உங்களுக்கு நினைப்பு. நான்கு நாளில் முடிந்தது, கோர்ட்டுக்குப் போகவில்லை, யார் மேலும் குற்றம் இல்லை. கோப்பைப் படித்தால் அப்படித்தான் தெரியும். அந்தக் கோப்பை எழுதியவள் நான்.

முப்பத்திரண்டு வருஷம் தெலுங்கிலும் ஆங்கிலத்திலும் ரிப்போர்ட் எழுதியாயிற்று. இதை மட்டும் செகந்திராபாத்தில் எங்கள் வீட்டில் பேசிய பாஷையில் எழுதுகிறேன். உங்களில் தமிழ் தெரிந்த இரண்டு பேர் மற்றவர்களுக்கு வாசித்துச் சொல்லுங்கள். நடுவில் நான் என்னையே திட்டிக்கொள்ளும் இடங்களை விட்டுவிடாதீர்கள்.

மே மாதம், செவ்வாய்க்கிழமை சாயங்காலம். முரளி என்பவரும் அவர் மனைவி வசந்தாவும் வந்தார்கள். முரளிக்கு கச்சிபௌலியில் கம்ப்யூட்டர் கம்பெனி வேலை, கழுத்தில் அடையாள அட்டை தொங்க அப்படியே வந்திருந்தார். அவருடைய அப்பா ராமலிங்கம், வயது எழுபத்தாறு, காஞ்சன்பாக்கில் ஒரு பாதுகாப்புத் தொழிற்சாலையில் ஃபோர்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். வேலையில் இருந்தவரை அங்கேயே குவார்ட்டர்ஸ். மனைவி இறந்த பிறகு குகட்பள்ளியில் மகன் வீட்டோடு வந்துவிட்டார். அன்று காலை ஆறரை மணிக்கு மேல் வீட்டில் அவரைக் காணோம்.

“ஞாபக மறதி ஏதாவது உண்டா?” என்று கேட்டேன். வயதானவர்கள் விஷயத்தில் முதல் கேள்வி அதுதானே.

முரளி வாயைத் திறப்பதற்குள் வசந்தா முந்திக்கொண்டார். “அதெல்லாம் ஒண்ணும் கெடையாது மேடம். மாமா ரொம்பத் தெளிவா இருக்காவ. பேப்பர ஒரு வரி விடாம படிப்பாவ.” கல்யாணமாகி இங்கே வந்து இருபத்தைந்து வருஷம் ஆகியும் திருநெல்வேலி பேச்சு அப்படியே இருந்தது.

முரளி தலையைக் குனிந்துகொண்டார். அவர் குனிந்ததை நான் பார்த்தேன். பார்த்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போனேன். வெளியே ஒரு விபத்து வழக்குக்காரர்கள் சத்தம் போட்டுக்கொண்டிருந்தார்கள், எனக்கு அவசரம். அவசரம் என்ற சொல்லை நம் தொழிலில் எதற்கெல்லாம் போர்வையாகப் போர்த்துகிறோம் என்று ஒருநாள் உட்கார்ந்து எண்ணிப் பாருங்கள்.

படம் கேட்டேன். பிளாஸ்டிக் உறையிலிருந்து பத்திரமாக ஒன்றை எடுத்துக் கொடுத்தார்கள். பணி ஓய்வு விழாவில் எடுத்தது. கோட்டு, சாயம் பூசிய கருகரு தலைமுடி, முழு முகம், கழுத்தில் தடித்த ரோஜா மாலை. நம் ஆட்கள் யாரானாலும் இப்படித்தான். போலீஸுக்குப் படம் கொடுக்கும்போதும் இருப்பதிலேயே கௌரவமான படத்தைத்தான் கொடுப்பார்கள். என் அப்பா ரயில்வேயில் ஓய்வு பெற்றபோது எடுத்த படமும் இதே மாதிரிதான் எங்கள் வீட்டுச் சுவரில் இருக்கிறது. பதினாறு வருஷத்துக்கு முந்தைய படம் என்று தெரிந்தும் வாங்கிக்கொண்டேன். ‘இப்போது எப்படி இருக்கிறார், போனில் ஏதாவது படம் இருக்கிறதா’ என்று கேட்க அரை நிமிஷம் ஆகியிருக்கும். அந்த மாலை போட்ட படத்தையே எல்லா ஸ்டேஷன்களுக்கும் அனுப்பினேன், பொது அறிவிப்பாகவும் போட்டேன்.

புதன்கிழமை காலை இரண்டு கான்ஸ்டபிள்களை மெயின் ரோடு பஸ் நிறுத்தக் கேமரா பதிவுகளைப் பார்க்க உட்காரவைத்தேன். இந்தக் கேஸில் நான் செய்த ஒரே உருப்படியான காரியம் அது. காலனி வாசல் கேமரா வழக்கம்போல ரிப்பேர். பக்கத்து வீட்டுக்காரர் தன் காரை மட்டும் காவல் காக்கிற மாதிரி ஒரு கேமரா மாட்டியிருந்தார். பெரியவர் பின் சந்து வழியாகப் போயிருக்கவேண்டும், அதில் அவர் விழவில்லை. ஆனால் வேறொன்று விழுந்திருந்தது. செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது மணிக்கு வசந்தா ஒரு பெரிய ஜிப் பையைத் தூக்க முடியாமல் தூக்கிக்கொண்டு ஆட்டோவில் ஏறுகிறார். ஏறுவதற்கு முன் இரண்டு பக்கமும் பார்க்கிறார்.

அந்தப் பதிவு எப்படி வெளியே போயிற்று என்று கடைசிவரை கண்டுபிடிக்க முடியவில்லை. புதன் மதியம் நான் டிபன் டப்பாவைத் திறக்கிறேன், எங்கள் ரைட்டர் போனைக் கொண்டுவந்து நீட்டுகிறார். ‘மருமகள் தூக்கிய மூட்டையில் என்ன?’ மாலை போட்ட படம் ஒரு பக்கம், பையோடு வசந்தா மறு பக்கம், நடுவில் சிவப்பில் ஒரு கேள்விக்குறி. சாப்பிட்டுக் கை கழுவுவதற்குள் ஐந்து யூடியூப் சேனல். துபாயில் உட்கார்ந்திருக்கும் ஒருவர் பையின் நீளத்தைக் கணக்குப் போட்டுக் காட்டினார். ஒரு அம்மாள் வசந்தாவின் நடையை வைத்தே குற்ற உணர்வு தெரிகிறது என்றார். சொத்துத் தகராறு என்றார்கள், கள்ளத்தொடர்பு என்றார்கள், வாய்க்கு வந்தது எல்லாம் சொன்னார்கள். நானும் ஒன்றுவிடாமல் பார்த்தேன். விசாரணைக்கு உதவும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இல்லை, சுவாரஸ்யமாக இருந்தது.

அன்று சாயங்காலம் மைக்குகள் ஸ்டேஷன் வாசலுக்கு வந்துவிட்டன. கொலையா மேடம், கொலையா மேடம் என்று ஒரே கூச்சல். நான் நம் எல்லோருக்கும் மனப்பாடமான அந்த வாக்கியத்தைச் சொன்னேன். “எல்லாக் கோணங்களிலும் விசாரித்து வருகிறோம்.” அது ஒன்றும் சொல்லாத வாக்கியம் என்று நாம் நினைக்கிறோம். அரை மணியில் அது ‘கொலையை மறுக்காத போலீஸ்’ என்று ஆனது. உயிரோடு இருக்கிறார் என்று நம்பித்தான் தேடுகிறோம், ஜனங்களும் அவரவர் தெருவில் பாருங்கள் என்று நான் சொல்லியிருந்தால் ஒருவேளை நாலு பேர் திரும்பிப் பார்த்திருப்பார்கள்.

அப்போது என் மேலதிகாரி ஒருவர். பேர் வேண்டாம். கெட்டவர் இல்லை, நன்றாக வேலை தெரிந்தவர். வியாழக்கிழமை காலை போன் செய்து தெலுங்கில் சொன்னார். “ஏதாவது செய்யுங்கம்மா. ஜனங்க கண்ணுக்குத் தெரியற மாதிரி செய்யுங்க.” கண்ணுக்குத் தெரிகிற மாதிரி என்றால் பக்கத்து ஏரியில் படகு விட்டு உடலைத் தேடுவது. முழுகிப் பார்க்கும் ஆட்கள் வந்தார்கள், கரையில் திருவிழாக் கூட்டம். அந்தக் கூட்டத்தைச் சமாளிக்க ஆள் போதவில்லை. கேமரா பதிவு பார்த்துக்கொண்டிருந்த இரண்டு பேரையும் எழுப்பி ஏரிக்கு அனுப்பினேன். முரளி வீட்டு ஜன்னலில் யாரோ கல் எறிந்தார்கள், அங்கே காவலுக்கு இரண்டு பேர். ஆக வியாழக்கிழமை அன்று ஒரு பிணத்தைத் தேடுவதற்கு என்னிடம் பதினாலு பேர் இருந்தார்கள். ஒரு மனிதரைத் தேட ஒருவர்கூட இல்லை.

பத்து மணிக்கு வசந்தாவை ஸ்டேஷனுக்கு அழைத்துவந்தோம். பையில் என்ன என்று கேட்டேன்.

“பழைய துணி மேடம். ஆசிரமத்துக்குக் குடுக்கக் கொண்டு போனேன்.”

எந்த ஆசிரமம் என்றால் பேர் தெரியவில்லை. அந்தப் பக்கம் இருந்த இரண்டு இடங்களிலும் விசாரித்தோம், அப்படி யாரும் வரவில்லை. வீட்டைச் சோதனை போட்டதில் சமையலறை அலமாரியில் சர்க்கரை டப்பாவுக்குப் பின்னால் மாத்திரை அட்டைகள் கிடைத்தன. மருந்துக் கடைக்காரர் பார்த்துவிட்டு, ஒன்று ஞாபக சக்திக்கு, இன்னொன்று தூங்க வைக்க என்றார். பெரியவர் பிரஷர் மாத்திரை தவிர எதுவும் சாப்பிடுவதில்லை என்று வசந்தா எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருந்தார்.

இரண்டு பொய். எனக்கு மூக்கு வியர்த்துவிட்டது. துபாய்க்காரர் சொன்ன கதையில் நான் வந்து நின்றேன். பையும் மாத்திரையும் சேர்ந்து என் மண்டைக்குள் கச்சிதமாகப் பொருந்தின. அவரவர் வீட்டில் சோபாவில் உட்கார்ந்திருந்தவர்களுக்கும் எனக்கும் அந்த நேரத்தில் காக்கிச் சட்டை ஒன்றுதான் வித்தியாசம்.

மாலை நாலு மணிவரை வசந்தா தண்ணீர் மட்டும் குடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பிறகு நான் பெண் கான்ஸ்டபிளை வெளியே அனுப்பிவிட்டு நாற்காலியைப் பக்கத்தில் இழுத்துப் போட்டேன்.

“பயம் நக்கோ, வசந்தா. பயப்படாம உள்ளத உள்ளபடி சொல்லிடும்மா” என்றேன்.

உடைந்து அழுதார். “மாமாவுக்கு ஞாபகம் போயிட்டு மேடம். ஒரு வருசமாச்சு. படுக்கையிலயே எல்லாம் போயிருதாவ. அந்த பெட்ஷீட்டத்தான் பையில தூக்கிட்டுப் போனேன். மாடியில காயப்போட்டா பக்கத்து வீட்டுக்காரவ பாத்துருவாவ. அதான் வாரத்துக்கு ரெண்டு தடவ மூசாப்பேட்டைல ஒரு சலவைக் கடைல குடுப்பேன். பிள்ளைக்கு மாப்பிள்ள வீடு பேசிட்டிருக்கோம் மேடம். வீட்டுல இப்படி ஒரு சீக்குன்னு தெரிஞ்சா யாரு வருவா? உங்கள்ட்ட சொன்னா நாளைக்கே பேப்பர்ல வந்துரும்னு பயந்துட்டேன்.”

“அன்னைக்குக் காலைல என்ன ஆச்சு?”

“டியூட்டிக்கு நேரமாச்சுன்னு சட்டைய மாட்டிட்டுக் கெளம்பிருவாவ. இதுக்கு முன்ன மூணு மட்டம் தெரு முனைல வச்சுப் புடிச்சுக் கூட்டிட்டு வந்திருக்கேன். அன்னைக்கு நான் குளிக்கப் போயிட்டேன். வந்து பாத்தா ஆளக் காணும், டிபன் டப்பாவயும் காணும். பத்து நிமிசத்துல வந்துருவாவன்னு நெனச்சேன். ஒம்பது மணிக்குப் பையத் தூக்கிட்டுப் போனப்பவும் ஆட்டோல வழியெல்லாம் தேடிட்டுத்தான் போனேன். செவ்வா ராத்திரி எங்க வீட்டுக்காரவ ஃபேக்டரி கேட்டுல மட்டும் போயிப் பாத்தாவ, அதுக்கப்புறம் கூட்டம் எங்கள வீட்ட விட்டு வெளிய விடல. காஞ்சன்பாக்ல மாமாவத் தேடுங்க மேடம். வேற எங்கயும் போக மாட்டாவ. உங்க கால்ல விழுதேன், அங்க தேடுங்க.”

இதைத்தான் நீங்கள் கவனித்துக் கேட்கவேண்டும். அவர் சொன்னது அத்தனையும் உண்மை. சொல்லும்போதே அது உண்மை என்று எனக்குத் தெரிந்தது. ஆனாலும் அதிகாரிக்குப் போன் போட்டு நான் சொன்ன வார்த்தை, “சார், இப்ப மூணாவதா ஒரு கதை சொல்றாங்க.” நாளைக்குச் சரிபார்த்துக்கொள்ளலாம் என்றார் அவர். சரி சார் என்றேன்.

காஞ்சன்பாக் பக்கத்து ஸ்டேஷனுக்கு ஒரே ஒரு போன் போதும். ஜீப்கூட வேண்டாம். ஏன் செய்யவில்லை? அன்று காலையில்தான் எல்லா ஸ்டேஷனுக்கும் இது கொலை வழக்காக மாறக்கூடும் என்று தகவல் கொடுத்திருந்தேன். சாயங்காலமே ‘அவர் டியூட்டிக்குப் போயிருக்கலாம், கொஞ்சம் பாருங்க’ என்று கேட்க எனக்கு வெட்கமாக இருந்தது. அவ்வளவுதான் காரணம். வேறு பெரிய காரணம் ஏதாவது இருக்கிறதா என்று நானும் தேடிப் பார்த்துவிட்டேன், இல்லை.

வெள்ளிக்கிழமை காலை முதலில் மூசாப்பேட்டை சலவைக் கடைக்குப் போனேன். கடைக்காரர் அலமாரியிலிருந்து நாலு பெட்ஷீட்டை எடுத்து வைத்தார். மடித்து, இஸ்திரி போட்டு, சீட்டு குத்தி. “செவ்வாக்கிழமை கொடுத்தாங்க. இன்னும் வாங்கிட்டுப் போகல” என்றார். அவருடைய போனிலும் வசந்தாவின் வீடியோ வந்திருந்ததாம். அதில் முந்தானை முகத்தை மூடியிருந்ததால் அடையாளம் தெரியவில்லையாம். அங்கிருந்து நேரே காஞ்சன்பாக்குக்கு வண்டியை விடச் சொன்னேன்.

முரளி போனில் வழி சொன்னார். சின்ன வயதில் அப்பாவுக்குச் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுத்த இடம். பழைய குவார்ட்டர்ஸ் திருப்பத்தில் ஷிப்ட் பஸ் நிற்கும் ஒரு சிமெண்டு நிழற்குடை. இப்போது அந்த வழியில் பஸ் வருவதில்லை, குடையைச் சுற்றி முள் வளர்ந்திருந்தது. எதிரே ஒரு தனியார் கிடங்கு. அதன் வாசலில் ஸ்டூல் போட்டுக் காவலாளி உட்கார்ந்திருந்தார், ஐம்பது வயது இருக்கும்.

இங்கே மெலிந்த பெரியவர் யாராவது வந்தாரா என்று கேட்டேன். அவர் தக்னி உருதுவில் சொன்னதைத் தமிழில் தருகிறேன்.

“ஹவ், ஆமா மேடம், வந்தாரே. செவ்வாக்கிழமையிலிருந்து அந்தக் குடையிலதான் உட்கார்ந்திருந்தார். நீலச் சட்டை, ஷூ, கையில டப்பா. பஸ் போயிடுச்சான்னு கேட்பார். இங்க பஸ் வராது சாப்னு சொன்னா, வரும் வரும்னு சொல்வார். தண்ணி குடுத்தேன். புதன்கிழமை ரெண்டு வாழைப்பழம் குடுத்தேன். நேத்து வெயில் தாங்காம அந்தப் பாறைப் பக்கம் நிழலுக்குப் போனார். சாயங்காலம் நான் டியூட்டி முடிஞ்சு போறப்ப அங்கதான் சாஞ்சிருந்தார்.”

“போலீஸுக்கு ஏன் சொல்லல? நாலு நாளா ஊரெல்லாம் ஒருத்தரைத் தேடுதே, போன்ல பார்க்கலையா?”

“பார்த்தேனே மேடம், தினமும் பார்த்தேன். இதே ஸ்டூல்ல உட்கார்ந்துதான் பார்த்தேன். ஆனா அது வேற பெரியவர் இல்லையா? அவரைத்தான் மருமக கொன்னுட்டாளே. போட்டோவுக்கு மாலைகூடப் போட்டிருந்தாங்க.”

பாறைக்குப் பின்னால் ஒரு வேப்பங்கன்று. அதன் நிழல் நகர நகர அவரும் நகர்ந்திருக்கிறார், மண்ணில் தடம் இருந்தது. ஷூவைக் கழற்றிச் சேர்த்து வைத்திருந்தார். டிபன் டப்பா மடியில் இருந்தது. திறந்து பார்த்தேன், கழுவிய காலி டப்பா. படத்தில் இருந்த முகத்துக்கும் அந்த முகத்துக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. நாலு நாளாக அந்தப் படத்தை உற்றுப் பார்த்த எனக்கே, தெருவில் எதிரே வந்திருந்தால் தெரிந்திருக்காது.

பிரேதப் பரிசோதனை செய்த டாக்டர் வெயிலும் தாகமும்தான் என்றார். வெள்ளிக்கிழமை விடியற்காலை போயிருக்கவேண்டும் என்றார். அப்படியென்றால் வசந்தா காலில் விழுகிறேன் என்று சொன்ன நேரத்தில் அவர் உயிரோடு இருந்திருக்கிறார். வியாழக்கிழமை காலை நான் ஏரிக்கு விரட்டிய கான்ஸ்டபிள்கள் சனிக்கிழமை திரும்ப உட்கார்ந்து, அன்று பார்க்காமல் விட்ட நிறுத்தத்தின் கேமரா பதிவைப் பார்த்தார்கள். இருபதே நிமிஷம். செவ்வாய் காலை ஆறு ஐம்பதுக்கு நீலச் சட்டைப் பெரியவர் நிதானமாக வரிசையில் நின்று பஸ் ஏறுகிறார்.

சேனல்களில் பாதி வீடியோவை எடுத்துவிட்டார்கள். மீதிப் பேர் ‘போலீஸ் மறைத்தது என்ன’ என்று புதிதாக ஒன்று போட்டார்கள். துபாய்க்காரர் இரண்டு நாள் லீவு எடுத்துக்கொண்டு அடுத்த கேஸுக்குப் போய்விட்டார். மாப்பிள்ளை வீட்டார் ஒதுங்கிக்கொண்டார்கள். தாத்தாவின் மறதிக்காக அல்ல. இப்போது பேரைத் தேடினால் வீடியோதானே வருகிறது என்றார்களாம். எனக்கு மெமோ கிடையாது, விளக்கம் கேட்டுக் கடிதம் கிடையாது. நல்ல முறையில் நிலைமையைக் கையாண்டதாக ஒரு கூட்டத்தில் பாராட்டினார்கள்.

நீங்கள் என்னிடம் வித்தை ஏதாவது கேட்பீர்கள். என்னிடம் இருப்பது கொஞ்சம்தான். பொய் சொல்கிறவர்கள் எல்லாம் குற்றத்தை மறைப்பதில்லை, பெரும்பாலும் அவமானத்தை மறைக்கிறார்கள். எந்த அவமானம் என்று அதட்டாமல் கேட்டால் செவ்வாய்க்கிழமையே சொல்லிவிடுவார்கள். உடலைக் கண்ணால் பார்க்கும்வரை, உயிரோடு இருக்கிறவரைத் தேடுங்கள். பிணம் காத்திருக்கும், அதற்குத் தாகம் எடுக்காது. ஊர் முழுக்க ஒரு கதையைச் சொல்லும்போது உங்களுக்கும் அது பொருத்தமாகத் தோன்றினால், அந்த நிமிஷமே எழுந்து போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வாருங்கள். படம் கேட்டால் நேற்று எடுத்த படத்தைக் கேளுங்கள். அழுக்கு லுங்கியோடு இருந்தாலும் அதுதான் வேண்டும் என்று சொல்லுங்கள்.

ஒரு வாரம் கழித்து வசந்தா டப்பாவையும் ஷூவையும் வாங்கிக்கொள்ள வந்தார். கையெழுத்துப் போட்டார். போகாமல் நின்றார்.

“தண்ணி குடுத்தாவளா மேடம்?”

“குடுத்திருக்காங்கம்மா. பழமும் குடுத்திருக்காங்க.”

தலையை ஆட்டிக்கொண்டார். பிறகு போனை எடுத்து ஒரு படத்தைக் காட்டினார். பால்கனியில் பிளாஸ்டிக் நாற்காலி, அதில் மேல்சட்டை இல்லாமல் லுங்கியோடு பெரியவர். வெள்ளைத் தாடி, ஒட்டிய கன்னம், பல் இல்லாத வாயைத் திறந்து ஒரே சிரிப்பு. காணாமல் போவதற்கு இரண்டு நாள் முன்னால் எடுத்ததாம். கிடங்குக் காவலாளி ஒரு பார்வை பார்த்திருந்தால் போதும்.

“இதை அன்னிக்கு நான் கேட்டிருக்கணும் வசந்தா” என்றேன். மன்னிப்பு மட்டும் கேட்கவில்லை.

அவர் என்னைத் திட்டவில்லை. போனைப் பைக்குள் வைத்து ஜிப்பை மூடினார்.

“நீங்க கேக்கல, நான் குடுக்கல” என்றார். “அவிய பாவம், பஸ்ஸுக்குக் காத்துக்கிட்டே இருந்திருக்காவ.”